நாற்பது பேனல் வெயில்

வெயில் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் என்னிடம்தான் வருவார்கள். நான் சாமியாடியும் இல்லை, மந்திரியும் இல்லை. கூரைமேல் ஏறி சோலார் பேனல் மாட்டுகிறவள். பெயர் செலின். கொம்பைமலை பஜாரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், வேலை சுத்தம் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

கீழே சமவெளியில் ஜனங்கள் சூட்டில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த வருஷங்களில்தான் கடலில் கப்பல்களை நிறுத்தி, உப்புத்தண்ணீரைப் பனிபோல வானத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். மேகம் வெள்ளையாகத் தடித்தது, வெயிலைத் திருப்பி அனுப்பியது. கீழே சாவு குறைந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேகமெல்லாம் நகர்ந்து வந்து எங்கள் மலையில் முட்டி நின்றுகொண்டது. சித்திரையில் கொஞ்ச நாள் தவிர வருஷம் முழுக்க நாங்கள் அதற்குள்ளேதான் குடியிருக்கிறோம்.

எங்கள் கூச்சல் தாங்காமல் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளில்லாத சின்ன விமானங்கள் மேகத்துக்குள் போய் ஒரு பொடியைத் தூவும். அந்த இடத்தில் மேகம் கிழிந்து ஓட்டை விழும், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வெயில் இறங்கும். அரசாங்கம் அதற்குத் திறப்பு என்று பேர் வைத்தது. நாங்கள் வாசல் என்போம். காலையில் பால் வாங்கப் போனால், "இன்னைக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்பதுதான் முதல் பேச்சு.

எல்லா இடத்திலும் வாசல் திறக்க முடியாது. ஒரு இடத்தில் கிழித்தால் அங்கிருந்து ஒதுங்கிய மேகம் பக்கத்து இடத்தில் இன்னும் தடிக்கும். எங்கே திறப்பது என்பதைக் கீழே திறப்பு மையத்தில் இருக்கும் மெஷின் தீர்மானிக்கும். அதற்கு ஒரே கணக்குதான். இறக்கிவிடுகிற வெயிலுக்கு எங்கே கரண்ட் அதிகம் கிடைக்கும்? எந்தத் தெருவில் கிரிட்டோடு, அதாவது பொது மின்கம்பி வலையோடு, சேர்ந்த பேனல் அதிகமோ, அங்கே வாசல்.

ஆகவே எங்கள் ஊரில் யாரும் கரண்ட்டுக்காகப் பேனல் மாட்டுவதில்லை. கரண்ட் ஒரு சாக்கு. கூரையில் பேனல் இருந்தால் தெருவுக்கு வெயில் வரும். வெயில் வந்தால் சுவர் காயும், மிளகு காயும், துணி காயும், மனிதன் கொஞ்சம் சிரிப்பான்.

மேகத்து ஊரில் பேனல் மாட்டுவது தனி வேலை. வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வராது, வானம் முழுக்க இருந்து கசியும். அதனால் கீழே மாதிரி பேனலைச் சாய்க்காமல் ஏறக்குறைய மல்லாக்கப் படுக்க வைப்போம். பாசி பிடிக்காமல் துடைக்க வேண்டும். கிடைக்கிற கரண்ட் வீட்டில் தங்காது, மீட்டர் வழியாகக் கிரிட்டுக்குப் போய்விடும், தேவையானதைக் கிரிட் திருப்பித் தரும். கிரிட் செத்தால் பேனலும் செத்துவிடும், நடுப்பகலாக இருந்தாலும். லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு விளக்குவேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "எல்லாம் சரி, வாசல் எப்ப வரும்?" என்பார்கள்.

என் தங்கை பிலோமினா டவுனுக்குக் கீழே, நீலப்பாறை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளை எங்கள் மலையில் பாடி என்போம். அவள் பாடியில் பதினெட்டு வீடு, பதினெட்டிலும் ஈரம். பிலோ தலைவைத்துப் படுக்கும் சுவரில் கறுப்புப் பூஞ்சை ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அவள் புருஷன் சவரிமுத்து மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பான், அது ஒரு வாரம் தாங்கும்.

அந்தப் பூஞ்சை அவள் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மருந்து பாதிதான் வேலை செய்யும், மீதிப் பாதி காய்ந்த வீடுதான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஈரத்திலேயே இருந்தால் எத்தனை மழைக்காலம் தாங்குவாள் என்று அவருக்கே தெரியவில்லை.

சவரி வாசற்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத ஆள்.

"டவுன்ல வாசல் தெறக்குறப்ப இங்கருந்து பாத்தா தெரியும், மதினி," என்றான். "மலைமேல வெளிச்சம் தூணாட்டம் நிக்கும். புள்ளைங்க ஓடிவந்து பாக்கும். அது ஏன் ஒரு நாளும் கீழ வரல?"

"பேனல் இருக்கிற எடத்துக்குத்தான் வரும், சவரி."

"அப்ப நீங்க மேல மாட்ட மாட்ட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

"அக்கா மேல மாட்ட மாட்ட இங்க இருட்டுது. அதச் சொல்லேன். அவ ஒண்ணும் அழுதுற மாட்டா," என்றாள் பிலோ உள்ளேயிருந்து. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, இருமல் முடிய வெகுநேரம் ஆனது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மாதம் மட்டும் டவுனில் ஒரு தெரு முழுக்க மாட்டி முடித்திருந்தேன். நல்ல வேலை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

"நீ கெளம்பு, எங்க வீட்டுக்கு வா," என்றேன் பிலோவிடம்.

"வந்தேனே. போன வருஷம் வந்து இருக்கலியா? பேரு வருகைப் பதிவுல விழலேன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான். இவருக்கு வேலை போயி ரெண்டு வருஷமாச்சு. வீடு எம் பேர்ல. ரெண்டு புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஒன் ஒத்த ரூமுல எங்கக்கா படுக்கறது, ஒன் தலைமேலயா?"

எஸ்டேட் மானேஜரிடம் போனேன். பாடிக் கூரையில் பேனல் மாட்டிக்கொள்கிறோம், சாமான் என்னுடையது, கூலி என்னுடையது, கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை என்றேன். கூரை கம்பெனியுடையது, ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கிடையாது என்றார். அடுத்து திறப்பு மையத்துக்குப் போன் போட்டேன். அங்கே எங்கள் மலைக்குப் பொறுப்பு ரிஸ்வானா என்கிற பெண். அவரோடு நான் சண்டை போடாத மாதமில்லை, ஆனாலும் என் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

"மெஷினுக்கு ஆளத் தெரியாதுங்க செலின், பேனல்தான் தெரியும்," என்றார்.

"அப்ப ஆளயும் காட்டுங்க அதுக்கு."

"காட்டணும்னு நாலு தடவ மேல எழுதிட்டேங்க. ஒரு பதிலும் இல்ல. இப்ப இருக்கிற விதியச் சொல்றேன், அதுல எதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. நாப்பது பேனல் ஒரே எடத்துல கிரிட்டோட சேரணும். அதுக்குக் கொறஞ்சா மெஷின் அந்தப் பக்கமே திரும்பாது. எடம் அவங்களோடதா இருக்கணும், இல்லாட்டி அவங்களுக்கு உரிமைன்னு பத்திரம் இருக்கணும். அப்புறம் ஒவ்வொரு பேனலும் ராப்பகலா எங்களுக்கு, நான் இருக்கேன், நான் இருக்கேன்னு பதில் சொல்லிட்டே இருக்கணும்."

"அது என்ன கூத்து?"

"ஒரே பேனலக் கழட்டிக் கழட்டி நாலு தெருவுல காட்டி ஏமாத்துனாங்க. அதுனால உள்ள ஒரு சில்லு வச்சுட்டோம். ஒரு பேனலோட பதில் நின்னாலும் மொத்தப் பதிவும் போயிரும். புதுசா வர்றவங்களுக்குச் சீக்கிரம் குடுத்துருவோம், பதிவு போனவங்க மட்டும் தனி வரிசையில கடைசியில நிக்கணும். இப்ப வரிசை ரெண்டு வருஷம் ஓடுது. பாத்துக்குங்க."

நாற்பது பேனல் என்னிடம் இருந்தது. டவுன்காரர்கள் புதிது மாட்டும்போது கழற்றிய பழையவை என் குடோனில் அடுக்கிக் கிடந்தன. இடம்தான் இல்லை. பாடியில் ஒரு கோழிக்கூடு வைக்கிற இடம்கூட அவர்களுடையது கிடையாது.

கல்லறைத் திருநாள் அன்றைக்கு அம்மாவைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் இடுகாட்டுக்குப் போனோம். பாடிக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. அந்தப் பக்கம் சரிவில் சிலுவையும் சூலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், சாவில் யாரும் வேலி போடவில்லை. எப்போதோ ஒரு தோட்ட முதலாளி சாகும்போது, இந்தச் சரிவு தொழிலாளிகளின் இறந்தவர்களுக்கு என்று பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டுப் போனார். இடம் நிறைந்து வருஷக்கணக்காகிறது. புதிதாக யாராவது போனால், அந்தக் குடும்பத்தின் பழைய குழியைத் திறந்து அதிலேயே வைப்பார்கள்.

பிலோ புல்லைப் பிடுங்கிக்கொண்டே மூச்சு வாங்கினாள்.

"இந்த மலையில நமக்குன்னு இருக்கிறது இந்த எடந்தான்க்கா. செத்தாத்தான் நமக்குப் பட்டா," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மரம் இல்லாத சரிவு. வானம் முழுசாகத் தெரிந்தது. ஓரமாகக் கரண்ட் கம்பம் போயிற்று.

"ஏட்டி, இப்ப என்ன சொன்ன?" என்றேன்.

பாடிக்காரர்கள் சம்மதிப்பார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செத்தவர்கள் தலைமேல் இரும்புக் காலை ஊன்றி வியாபாரம் பண்ண வந்துவிட்டாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவருக்குப் பதில் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். கடைசியில் எல்லாரும் இருளாயி என்ன சொல்கிறாள் என்று அவள் பக்கம் திரும்பினார்கள். பாடியில் வேலை நிறுத்தமென்றால் முதலில் கூடையைக் கீழே வைப்பவள் அவள். அவளுடைய ஒரே மகன் அந்தச் சரிவில் இருந்தான்.

"எம்மகன் எப்பிடிச் செத்தான்னு ஒனக்குத் தெரியுமா, தாயி?" என்றாள் இருளாயி.

தெரியும். கீழே ரோடு போடுகிற வேலைக்குப் போய், மத்தியானம் தாரோடு தாராக விழுந்தவன். மேகம் போடுவதற்கு முந்தின வருஷம்.

"வெயில்ல செத்தவன். மேகம் வந்தப்ப நான் ஒருத்திதான் சந்தோசப்பட்டேன். எம்புள்ளைக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னு. இப்ப நீ அவன் தலைமேலயே வெயிலக் கூப்புடுறேங்கிற."

என் நீளமான வாய் அப்படி அடைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பிலோதான் பேசினாள். திண்டாடித் திண்டாடி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சைத் தேடிக்கொண்டு.

"பேனலுக்கு அடியில நெழல்தான சின்னம்மா. வெயில் அதுமேல படும். கீழ படுத்திருக்கவுகளுக்குப் படாது. அவுகளுக்கு ஒரு கொடை புடிச்ச மாதிரிதான்."

இருளாயி வெகுநேரம் பிலோவையே பார்த்தாள். பேச்சைவிட அந்த மூச்சைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"எம்மகனுக்கு மேல மாட்டுற கொடைய நானே புடிச்சு நிறுத்துறேன்," என்றாள்.

வேலை தொடங்கினோம். இரும்புக் கால்களைக் கல்லறைமேல் ஊன்றவில்லை, இடைவெளி பார்த்துத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஊன்றினேன். மழை விடவில்லை. அட்டை பூட்சுக்குள் ஏறியது. ஒவ்வொரு வீட்டாரும் வந்து அவரவர் ஆள்மேல் வைக்கும் பேனலை அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். தூக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மாவுக்கு மேல் வரவேண்டியதை நானும் பிலோவும் வைத்தோம்.

ரிஸ்வானா நேரில் பார்க்க வந்தார். குடையோடு சரிவில் வரிசை வரிசையாக நடந்தார். பத்திரத்தைப் படித்தார், பேனலை எண்ணினார்.

"பதிவு யார் பேர்லங்க போடறது? ஒவ்வொரு எடத்துக்கும் இவங்க உரிமைன்னு மெஷின் பேர் கேக்கும்."

"படுத்திருக்கிறவங்க பேர்லயே போடுங்க, மேடம்," என்றான் சவரி. "அவங்க காலி பண்ணிட்டுப் போக மாட்டாங்க."

ரிஸ்வானா சிரிக்கவில்லை. நாற்பது பேரையும் கேட்டுக் கேட்டு எழுத்துப்பிழை இல்லாமல் ஏற்றிவிட்டுப் போனார்.

முதல் வாசல் தை மாதத்தில் திறந்தது. பாடி முழுக்க வெளியே வந்து நின்றது. சவரி வீட்டுக் கதவு ஜன்னலையெல்லாம் அகலத் திறந்து, பெட்டி படுக்கையை வாசலில் பரப்பி வைத்திருந்தான். மேலே மேகம் வெளுத்தது, கிழிந்தது, மஞ்சள் வெளிச்சம் சரிவில் இறங்கி வந்தது. வந்து, ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

ஒரு அடி இந்தப் பக்கம் வரவில்லை. இடுகாட்டு எல்லையோடு கத்தி வைத்து வெட்டியதுபோல் நின்றது. ஒதுங்கிய மேகம் பாடிமேல் வந்து கவிந்து, வீடுகள் முன்னைவிட இருண்டன. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டவுனில் தெருத்தெருவாகக் கூரைமேல் பேனல் நெருக்கமாக இருப்பதால் வாசல் எவ்வளவு துல்லியமாக விழும் என்று நான் கவனித்ததே இல்லை. மெஷின் பேனலுக்கு வெயில் கொடுத்தது. பேனல் இருக்கிற இடத்துக்கு மட்டும்.

"இவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டார்கள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பிலோதான் வாசலில் விரித்த பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வெயிலு வரலேன்னா என்ன, நாம போவோம்," என்று ஓடையில் இறங்கினாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாசல் நேரம் போனில் வந்ததும் பாடி மொத்தமும் ஓடையைத் தாண்டும். பாய், மெத்தை, அரிசி, மிளகாய், கைக்குழந்தை, மூட்டு வீங்கிய கிழவர்கள் எல்லாம் போவார்கள். பேனல் வரிசைகளுக்கு நடுவில் இருந்த நடைபாதையில் பாயை விரிப்பார்கள். இரும்புச் சட்டத்தில் துணி தொங்கும். பிள்ளைகள் பேனலுக்கு அடியில் புகுந்து விளையாடினால் யாரும் திட்டவில்லை. இருளாயி தன் மகனின் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். பள்ளிக்கூடத்துப் பாடம்கூட அங்கே நடந்தது. குழந்தைகளின் இருமல் குறைந்ததை நானே காதால் கேட்டேன்.

பிலோவும் தேறினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அம்மாவின் பேனலுக்கு ஓரமாக வெயிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "டவுன்காரி, ஒங்க தெருவுல இன்னைக்கு மழையாமே?" என்று எனக்குப் போன் போட்டு வம்பிழுப்பாள். பிழைத்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன்.

ஆனால் வாசல் மூடியதும் எல்லாரும் அதே ஈரத்துக்குத்தான் திரும்பினார்கள். வெயில் ஒரு மணி நேரம், வீடு மீதி நேரம். இரண்டாவது மழைக்காலத்தில் அவளால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. சவரி முதுகில் சுமந்துகொண்டு போனான். ஆடி மாதம் விமானங்கள் பறக்க முடியாத காற்று, பன்னிரண்டு நாள் வாசல் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் வாசல் உண்டு என்று காலையில் போனில் வந்தது. அதைச் சொல்ல அவளை எழுப்பினான். அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் எனக்கு ஒரே தங்கை. அவளைக் குளிப்பாட்டிவிட்டு, சுவரில் இருந்த அந்தக் கறுப்பைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் பிய்ந்தது. இருளாயிதான் என் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள்.

அம்மா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிலோ சவரியிடம் சொல்லியிருந்தாள். அம்மாவின் குழிமேல் பேனல். குழியைத் திறக்க வேண்டுமென்றால் பேனலையும் சட்டத்தையும் எடுக்க வேண்டும். பேனலைக் கழற்றினால் பதில் நிற்கும். பதில் நின்றால் மொத்தப் பதிவும் போய்விடும், பாடிக்கு இரண்டு வருஷம் வெயில் கிடையாது.

ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன்.

"மெஷின் கிட்ட ரெண்டு மணி நேரம் பொறுன்னு சொல்ல முடியாதாங்க?"

"எங்கையில அந்த அதிகாரம் இல்லீங்க, செலின். இருந்தா இந்நேரம் செஞ்சிருப்பேன்," என்றார்.

டவுன் கல்லறையில் இடம் கேட்கலாமா என்று சவரியைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருளாயி எழுந்தாள்.

"என்ன யோசனை? கழட்டு. அந்தப் புள்ள இல்லேன்னா நமக்கு ஏது வெயிலு? ரெண்டு வருசம் இருட்டுல கெடந்தா செத்தா போவோம்?"

எல்லாரும், ஆமாம், கழற்று என்றார்கள். ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தக் குழந்தைக்கும் அதே இருமல். ரெண்டு வருஷத்தில் சாக மாட்டோம் என்று இருளாயி சொன்னது பொய் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் போய்ப் பேனலைப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒயர் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கட்டியிருந்தேன், ஆள் கையைத் தூக்குகிற உயரம்வரை எட்டும். அதற்குமேல் எட்டாது, தள்ளியும் போக முடியாது.

"கழட்ட வேண்டாம். தூக்கிப் புடிச்சுக்கலாம்," என்றேன்.

கம்பு ஊன்றி நிறுத்த முடியாது. பன்னிரண்டு நாள் மழையில் மண் கஞ்சியாகக் கிடந்தது, கம்பு ஊன்றினால் குழி இடிந்துவிடும். பலகை போட்டு ஆட்கள்தான் நிற்க வேண்டும். அந்த ஒயரில் ஓடுகிற கரண்ட் ஈரக்கை பட்டால் விடாது. என்னிடம் இருந்த ரப்பர் கையுறையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். சவரியும் மூன்று ஆண்களும் நான்கு மூலையில் நின்றார்கள். நான் சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒயரைத் தொடவில்லை. நான்கு பேரும் பேனலைத் தலைக்கு மேல் உயர்த்தினார்கள். அதன் கீழே குழி வெட்டினார்கள்.

என் போனில் பேனலுக்கு ஒன்றாக நாற்பது பச்சைப் புள்ளியும் எரிந்துகொண்டிருந்தன.

ஃபாதர் வந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தபோது வாசல் திறந்தது. சாயங்கால வெயில், மேற்கிலிருந்து சாய்வாக வந்தது. பெட்டியை இறக்குவதற்கு வழிவிட, நான்கு பேரும் பேனலை மேற்குப் பக்கம் சரித்துப் பிடித்தார்கள். பிலோவை அதன் நிழலில்தான் இறக்கினோம். அம்மாமேல் ஒரு கைப்பிடி, அவள்மேல் ஒரு கைப்பிடி என்று நான் இரண்டு தடவை மண் போட்டேன். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் போட்டார்கள். சவரியால் போட முடியவில்லை, இரண்டு கையும் மேலே இருந்தன. பெரிய மகள்தான் அப்பாவுக்காக இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.

குழி மூடி முடிகிற நேரத்தில் என் போன் அதிர்ந்தது. பதிவு போய்விட்டது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். மெஷினிடமிருந்து வந்திருந்தது.

"சட்டத்தப் பூட்டிறலாம் சவரி, எறக்குங்க," என்றேன்.

"என்ன சொல்லுது, மதினி?"

"ஒண்ணுமில்ல. எறக்குங்க."

"சொல்லுங்க."

படித்துக் காட்டினேன். "உங்கள் இடத்தில் ஒரு பேனலின் உற்பத்தி மற்றவற்றைவிட மிக அதிகமாக உள்ளது. எனவே திறப்பு நீட்டிக்கப்படுகிறது. அந்தப் பேனலை இதே நிலையில் வைத்திருக்கவும்."

மற்ற முப்பத்தொன்பதும் மல்லாக்கப் படுத்திருந்தன. மனிதர்கள் தாங்கியது ஒன்றுதான் சூரியனைப் பார்த்திருந்தது. கரண்ட் கூடுதலாக விளைகிற இடம் ஒன்று தெரிந்தால் அங்கே கொஞ்சம் நீட்டிப் பார்ப்பது அந்த மெஷினின் வேலை.

சவரி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். ஏறக்குறைய இரண்டு மணி நேரமாக நிற்கிறான்.

"எறக்கிட்டா மூடிருமா?"

"மூடிரும்."

அவன் காலடியில் புதுமண்ணைப் பார்த்தான். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு நாளாக ஊறிக்கிடந்த பாடியைப் பார்த்தான்.

"பாய், துணியெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, மதினி," என்றான். "கைக்கொழந்தைகளக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. எல்லாரும் காஞ்சுக்கட்டும்."

சாவு விழுந்த இடத்தில் யார் பாய் விரிப்பார்கள்? ஒருவரும் நகரவில்லை. மற்ற மூன்று பேரும் பேனலிலிருந்து கையை எடுக்கவில்லை. இருளாயிதான் முதலில் எழுந்து ஓடையைத் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது அவள் தலையில் பிலோவின் மெத்தை இருந்தது. அதைக் கொண்டுவந்து புதுமண்ணுக்குப் பக்கத்தில், வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து விரித்தாள். அதற்குப் பிறகு கடைசி வீட்டுப் பெண் குழந்தையோடு வந்து அதில் உட்கார்ந்தாள்.

சவரியின் பக்கத்து மூலையில் நின்றவருக்கு வயது அறுபதுக்கு மேல். முழங்கை மடங்க ஆரம்பித்திருந்தது. நான் போனைப் பையில் போட்டுவிட்டு, அவருடைய கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த மூலையைப் பிடித்துக்கொண்டேன்.